சாண்ட்லர் ராபின்ஸ்: பறவைகளை எண்ணக் கற்றுக்கொடுத்த ஆசான்

வால்காக்கை (கொலம்பியா, மேரிலாந்து)
ஜூலை 17, காலை 6:40

இன்று அமெரிக்கப் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் பிறந்த நாள். 1918-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பெல்மாண்டில் பிறந்தவர். 2017 மார்ச் 20 அன்று, 98 வயதில், இங்கே மேரிலாந்தில் காலமானார். நம் பறவை நோக்கர் குழுவில் இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியை அறியாதவர் இருக்க மாட்டார்கள். ராபின்ஸை அறிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மனச்சாட்சியை முன்வைத்து ஆயுதம் ஏந்த மறுத்தார். அப்படி மறுத்தவர்களை அமெரிக்க அரசு பொதுப்பணிகளுக்கு அனுப்பியது. அந்த வழியாகத்தான் மேரிலாந்தின் பட்டக்சென்ட் வனவுயிர் ஆய்வு மையத்துக்கு வந்து சேர்ந்தார். 1945-ல் அங்கே அரசு உயிரியலாளர் ஆனவர் 2005-ல்தான் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் அந்த மையத்தை விட்டு விலகவில்லை.

போர் முடிந்ததும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வெள்ளமாய் வந்தது. காட்டின் மேல் டிடிடி தெளித்தால் பறவைகளுக்கு என்ன ஆகும் என்று பட்டக்சென்ட்டில் 1940-களிலேயே ஆராய்ந்தார்கள். ராபின்ஸ் அதில் இருந்தார். அதே துறையில் எழுத்து, பதிப்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரேச்சல் கார்சன். பட்டக்சென்ட் ஆய்வுகளை வைத்து டிடிடி பற்றி எழுதுகிறேன் என்று 1945-லேயே அவர் ஒரு பிரபல மாத இதழிடம் கேட்டார், அவர்கள் ஏற்கவில்லை. பூச்சிக்கொல்லிகளின் கேட்டைச் சொன்ன அவருடைய ‘மௌன வசந்தம்’ நூல் வெளிவந்தது 1962-ல்.

அந்தக் காலகட்டத்தில் எல்ம் மரங்களை ஒரு நோய் தாக்கி, நகரங்களில் தெருத்தெருவாக டிடிடி தெளித்தார்கள். இலை உதிர்ந்தது. உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் பறவைகள் அந்த மண்புழுக்களைத் தின்று, வீட்டுப் புல்வெளிகளில் துடித்துச் செத்தன. இதைப் பார்த்துக் கலங்கிய ஒரு பெண்மணி ராபின்ஸுக்குக் கடிதம் எழுதினார்: என் ஊரில் சாகின்றன, நாடு முழுக்கவும் ராபின்கள் குறைகின்றனவா?

பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. யாரிடமும் இல்லை. கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900 முதல் நடந்துவந்தாலும் அது குளிர்காலத்துக்கு உரியது. கூடு கட்டும் காலத்தில், ஒரே முறையில், கண்டம் முழுக்க எண்ணும் வழக்கம் எங்குமே இல்லை. அரசிடம் அதற்கு ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. அப்போதுதான் அவர் பறவை நோக்கும் சாதாரண மக்கள் பக்கம் திரும்பினார்.

1965-ல் மேரிலாந்திலும் டெலவேரிலும் ஒத்திகை. 1966-ல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 வழித்தடங்கள். 1968-க்குள் அமெரிக்கா முழுவதும், தெற்குக் கனடாவிலும் பரவிவிட்டது. இதுதான் வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பு. இன்று 4,000-க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் இருக்கின்றன.

முறை இவ்வளவுதான். ஒரு வழித்தடம் 24.5 மைல், அதாவது 39.4 கிலோமீட்டர். அரை மைலுக்கு ஒன்றாக 50 நிறுத்தங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பாக முதல் நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 3 நிமிடம். கால் மைல் தொலைவுக்குள் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பறவையை வரவழைக்கக் குரல் பதிவை ஒலிக்கவிடக் கூடாது. கூட வருபவர் வண்டி ஓட்டலாம், எழுதித் தரலாம், எண்ணக் கூடாது. மழையும் பலத்த காற்றும் இருந்தால் வேறொரு நாள். அடுத்த ஆண்டு அதே ஜூன் மாதம், அதே இடங்கள், அதே வரிசை.

நான் எண்ணும் வழித்தடத்தை எனக்குக் கொடுத்தவர், இளம் வயதில் மேரிலாந்து பறவையியல் சங்கத்தின் காலை நடைகளில் ராபின்ஸோடு போன ஒரு பெரியம்மா. அந்தத் தடத்தில் பாதி மக்காச்சோள வயல். ஒரு நிறுத்தம் பெட்ரோல் பங்க் வாசல். இன்னொன்று கல்லறைத் தோட்டம். எந்தப் பறவையாளரும் தானாகத் தேர்ந்தெடுக்காத இடங்கள். ராபின்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தொடக்கப் புள்ளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் முறையில் விழும். பறவை அதிகம் உள்ள இடம் என்று பார்த்துப் போகும் ஆசையை அவர் முறையிலேயே அடைத்துவிட்டார்.

---

செம்போத்து (திண்டுக்கல்)
ஜூலை 17, மாலை 5:15

அண்ணா, பள்ளி முடிந்து வந்ததும் வாசித்தேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, 3 நிமிடத்தில் என்ன தெரியும்? எங்கள் இயற்கை மன்றப் பிள்ளைகளைக் குளக்கரையில் நிறுத்தினால் 3 நிமிடத்துக்கு அவர்கள் பேச்சே அடங்காது.

இரண்டு, வேகமாகப் போகும் காரிலிருந்து இறங்கிப் பார்த்தவுடன் பெயர் சொல்வதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும்! சாதாரண மக்களால் முடியும் என்று அவர் எப்படி நம்பினார்?

---

வால்காக்கை
ஜூலை 17, இரவு 9:30

டீச்சர், ஒரு நிறுத்தத்தின் 3 நிமிடத்தை மட்டும் எடுத்தால் கொஞ்சம்தான் தெரியும். 50 நிறுத்தம் சேர்ந்தால்தான் ஒரு வழித்தடம். அப்படி ஆயிரக்கணக்கான வழித்தடங்கள், ஆண்டுதோறும். ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் 50 நிறுத்தத்தை முடிப்பதற்குள் வெயில் ஏறிப் பறவைகள் அடங்கிவிடும். குரல் எழுப்பும் ‘மார்னிங் டவ்’ என்ற புறாக்களைச் சாலையோரம் நின்று எண்ணும் கணக்கெடுப்பு இங்கே முன்பே நடந்துவந்தது. அதில் பட்ட அறிவும் இதில் சேர்ந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் அவர் எழுதிய கையேட்டில் இருக்கிறது. கணக்கெடுப்பு தொடங்கிய அதே 1966-ல் பெர்டல் ப்ரூன், ஹெர்பர்ட் ஸிம் இருவருடன் சேர்ந்து வட அமெரிக்கப் பறவைகளுக்கு ஒரு கைக்கடக்கமான வழிகாட்டி நூல் கொண்டுவந்தார். ஓவியங்கள் ஆர்தர் சிங்கர். ஒரு பக்கத்தில் படம், எதிர்ப் பக்கத்தில் விளக்கம், பக்கத்திலேயே பரவல் வரைபடம். அதோடு பறவையின் குரலையே கோட்டுச் சித்திரமாக அச்சிட்டார். இயற்பியல் படித்தவர் அல்லவா. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பார்த்தே புரிந்துகொள்ளலாம். லட்சக்கணக்கான பிரதிகள் விற்ற நூல் அது. மக்களை எண்ணச் சொன்னவர், எண்ணுவதற்கு வேண்டிய கண்ணையும் காதையும் அதே ஆண்டில் அவர்கள் கையில் கொடுத்தார். அவரை ஆசான் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இன்னொன்று, மேரிலாந்து சங்கத்தின் சிற்றிதழுக்குப் பல பத்தாண்டுகள் அவர்தான் ஆசிரியர். யாரோ ஒருவர் தன் தோட்டத்தில் பார்த்ததை எழுதி அனுப்புவார். அதை வாசித்து, சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொண்டுபோகும் வேலை. பெயர் வாங்கித் தராத வேலை. உலகப் புகழ் வந்த பிறகும் அதை விடவில்லை.

---

ஆள்காட்டி (திருநெல்வேலி)
ஜூலை 18, காலை 7:05

நல்ல பதிவு. மனிதர் மேல் எனக்கும் மரியாதை வந்துவிட்டது. ஆனாலும் முறை பற்றிச் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். நானும் குளங்களில் நீர்ப்பறவை எண்ணுகிறவன்.

சாலையோரத்தில் மட்டும் எண்ணினால் சாலையோரப் பறவைதான் கிடைக்கும். அடர்காட்டின் உள்ளே இருப்பது வராது. ஆந்தை வராது. சதுப்பு நிலம் சரியாகத் தெரியாது. கனடாவின் வடக்கே சாலையே கிடையாது, அங்கே இருப்பதை யார் எண்ணுவது? அதோடு 1966-ல் வண்டி போகாத சாலையில் இன்று லாரி போகிறது. இரைச்சலில் பறவை கேட்கவில்லை என்றால் பறவை குறைந்துவிட்டது என்று எழுதிவிட முடியுமா?

அப்புறம் ஆள். ஒருவருக்குக் காது கூர்மை, இன்னொருவருக்கு இல்லை. ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

---

தூக்கணாங்குருவி (பெங்களூரு)
ஜூலை 18, காலை 10:20

> ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

மாறும். புள்ளியியல் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஒவ்வொரு பதிவிலும் எண்ணியவர் யார் என்பது சேர்ந்தே இருக்கும். எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கைக் கணக்கிடும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத் தனியாகப் பிரித்து எடுப்பார்கள். ஒருவர் ஒரு வழித்தடத்தை முதன்முதலாக எண்ணும் ஆண்டில் வழக்கமாகக் குறைவாகவே எண்ணுகிறார் என்பதுகூடத் தெரிந்து, 1990-களிலேயே கணக்கில் கொண்டுவந்துவிட்டார்கள். இதெல்லாம் எப்படி முடிந்தது? தொடக்கத்திலிருந்தே ஒரே படிவம், ஒரே நேரம், ஒரே நிறுத்தங்கள், பெயரோடு பதிவு என்று இருந்ததால். 1966-ல் இந்தக் கணக்கைப் போட இன்றைய கணினியும் இல்லை, இன்றைய வாய்ப்பாடும் இல்லை. பின்னால் வருகிறவன் போட்டுக்கொள்ளட்டும் என்று தரவைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

மற்றபடி உங்கள் சாலையோரக் கேள்வி நியாயமானது. இந்தக் கணக்கெடுப்பு மொத்தப் பறவைகள் எத்தனை என்று சொல்ல வந்ததில்லை. அதே இடத்தில் போன ஆண்டைவிடக் கூடுதலா குறைவா என்பதுதான் கேள்வி. ஆனால் சாலையோரம் மாறும் வேகமும் காடு மாறும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆந்தை, அடர்காட்டுப் பறவை, வடகோடிப் பறவை இவற்றுக்கு வேறு கணக்கெடுப்பு வேண்டும் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டே பயன்படுத்துகிறார்கள்.

---

கூழைக்கடா (தஞ்சாவூர்)
ஜூலை 18, மதியம் 1:00

பறவை குரல் பதிவு செய்ய மைக் வாங்கலாம் என்றிருக்கிறேன். 10,000 ரூபாய்க்குள் எது நல்லது?

---

ஒருங்கிணைப்பாளர்
ஜூலை 18, மதியம் 1:25

கூழைக்கடா, உங்கள் கேள்வியைக் கருவிகள் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். பதில்கள் அங்கே வரும். இந்த இழை ராபின்ஸ் நினைவுக்காக இருக்கட்டும்.

---

பனங்காடை (விழுப்புரம்)
ஜூலை 18, இரவு 8:10

அனைவருக்கும் வணக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆள்காட்டி தம்பி காதைப் பற்றி எழுதியதால் எனக்கும் எழுதத் தோன்றியது.

வயது ஏற ஏற முதலில் போவது மெல்லிய கீச்சுக் குரல்தான். குயிலும் செம்போத்தும் இன்னும் நன்றாகக் கேட்கின்றன. தேன்சிட்டு கேட்கிறது, பக்கத்தில் இருந்தால். பூங்கொத்திகள் பறந்துகொண்டே போடுமே ‘டிக் டிக்’ என்ற சத்தம், அது எனக்கு நின்றுவிட்டது. பேத்தி மரத்தைக் காட்டி, தாத்தா அங்கே கத்துகிறது என்பாள். நான் பைனாகுலரால் தேடிப் பார்த்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை என்ன செய்கிறார்கள்? இத்தனை வருடம் எண்ணியவரை நீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

---

வால்காக்கை
ஜூலை 18, இரவு 10:45

ஐயா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

இந்தக் கணக்கெடுப்புக்கு நல்ல செவியும் பார்வையும் வேண்டும் என்பது விதி. யாரும் வந்து சோதிப்பதில்லை. எண்ணுகிறவரே தன் காதைப் பற்றி நேர்மையாக இருக்க வேண்டும். எனக்கு வழித்தடம் தந்த பெரியம்மா அதைத்தான் செய்தார். அந்தத் தடத்தில் புல்வெளியில் கிராஸ்ஹாப்பர் ஸ்பாரோ என்றொரு சின்னக் குருவி உண்டு. பூச்சி இரைவது மாதிரி மிக உயர்ந்த சுருதியில் பாடும். அது தனக்குக் கேட்கவில்லை என்று உறுதியானதும் மாநில ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு நிறுத்தமாகக் காட்டினார். இந்தத் தந்திக் கம்பத்துக்கு நேராக நிற்க வேண்டும். இந்த வீட்டு நாய் குரைக்கும், பொருட்படுத்தாதே. இங்கே முன்பு வேலி இருந்தது, அதில் மெடோலார்க் என்ற புல்வெளிப் பறவை உட்காரும், இப்போது வருவதில்லை, ஆனாலும் வேலி இருந்த பக்கம் பார்.

எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதவை இவை. நான் எண்ணத் தொடங்கிய பிறகும் சில ஜூன் மாதங்கள் அவர் வண்டி ஓட்ட வந்தார். அவர் எழுதித் தர, நான் எண்ணினேன். ஆகவே யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவை வரவில்லை ஐயா. ராபின்ஸ் தொடங்கிய பல தடங்கள் இப்படித்தான் கை மாறிக் கை மாறி வந்திருக்கின்றன.

உங்கள் பேத்தியை வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்த்துவிடுங்கள். காது அவளுடையதாக இருக்கட்டும். பெயர் சொல்லிக்கொடுப்பவர் நீங்களாக இருங்கள்.

---

ஆலா (யாழ்ப்பாணம்)
ஜூலை 19, காலை 6:30

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். விஸ்டம் எண்ட ஆல்பட்ராஸ் கடற்பறவை பற்றி வாசிச்சனான். உலகத்திலேயே வயது கூடின காட்டுப்பறவை எண்டு சொல்லுகினம். அதுக்கு முதல் வளையம் போட்டது இந்த ராபின்ஸ்தானோ? விவரமாச் சொல்லுங்கோ. மன்னாருக்கு வாற பறவையளில வளையம் கண்டால் எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

---

வால்காக்கை
ஜூலை 19, காலை 8:00

அவரேதான். இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது. நீளமாகிவிடுமே என்று விட்டேன். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

பசிபிக் பெருங்கடலின் நடுவே மிட்வே பவளத்தீவு. அங்கே அமெரிக்கக் கடற்படையின் விமானதளம் இருந்தது. லட்சக்கணக்கான ஆல்பட்ராஸ்கள் கூடு கட்டும் தீவும் அதுதான். விமானங்களும் பறவைகளும் மோதிக்கொண்டன. என்ன செய்யலாம் என்று பார்க்க ராபின்ஸ் அனுப்பப்பட்டார். அங்கே இருக்கும்போது பறவைகளுக்கு எண் பொறித்த கால்வளையம் இட்டார். 1956 டிசம்பர் 10 அன்று வளையம் இட்ட பறவைகளில் ஒன்று முட்டையின் மேல் உட்கார்ந்திருந்த பெண் லேசான் ஆல்பட்ராஸ். அந்த இனம் 5 வயதுக்கு முன் முட்டையிடுவதில்லை என்பதால் வயது குறைந்தது 5 என்று குறித்துக்கொண்டார்.

46 ஆண்டுகள் கழித்து, 2002-ல், மறுபடி மிட்வேக்குப் போனார். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. கூட்டில் இருந்த ஒரு பறவையின் தேய்ந்த வளையத்தை மாற்றிப் புதிது இட்டார். கடல் உப்பில் உலோகம் அரித்துவிடும் என்பதால் இடையிடையே வளையத்தை மாற்றுவார்கள். ஊர் திரும்பி எண்களைப் பின்னோக்கித் தேடினார்கள். இந்த வளையத்துக்கு முன் எந்த எண், அதற்கு முன் எது என்று போய்க்கொண்டே இருந்தால், முதல் வளையத்தை இட்டவர் பெயர் சாண்ட்லர் ராபின்ஸ்.

விஸ்டம் என்று பெயர் பிறகு வந்தது. 2011-ல் ஜப்பானைத் தாக்கிய சுனாமி மிட்வேயையும் அடித்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டன. விஸ்டமும் அதன் குஞ்சும் தப்பின. ராபின்ஸ் 2017-ல் போய்விட்டார். விஸ்டம் 2024 இறுதியில் மறுபடி முட்டையிட்டது, 2025 ஜனவரியில் குஞ்சு பொரித்தது. அப்போது அதன் வயது ஏறக்குறைய 74.

தாமே வளையமிட்ட பறவையை 46 ஆண்டுகளுக்குப் பின் தாமே கையில் எடுத்திருக்கிறார் என்பது கேட்கும்போதே சிலிர்க்கிறது. ஆனால் அது தெரியவந்தது பதிவேட்டால். ஒவ்வொரு முறை வளையம் மாறும்போதும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் யாரோ ஒருவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் காக்கும் வளைய ஆய்வகமும் ராபின்ஸ் வேலை பார்த்த அதே பட்டக்சென்ட்டில்தான் இருக்கிறது. ஓர் எண் தவறியிருந்தாலும் விஸ்டம் என்ற கதையே நமக்குக் கிடைத்திருக்காது.

நம் பக்கம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இதே வேலைதான். மன்னாரில் வளையம் இட்ட பறவை கண்ணில் பட்டால் நிறம், எந்தக் கால், எழுத்து இருந்தால் எழுத்து, எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

---

ஆள்காட்டி
ஜூலை 19, மாலை 6:50

முறை பற்றித் தூக்கணாங்குருவி சொன்னதை ஏற்கிறேன். இன்னொரு கேள்வி மனதை உறுத்துகிறது. 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 1970-க்குப் பிறகு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டன என்றது. 29 விழுக்காடு. அதற்கான பெரும்பகுதித் தரவு இந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்ததுதான். புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் போய்விட்டன. வால்காக்கை சொன்ன மெடோலார்க்கில், கிழக்கத்திய இனம் நான்கில் மூன்று பங்கு இல்லை.

அதாவது, எண்ணிக்கொண்டே இருந்தார்கள், பறவைகள் போய்க்கொண்டே இருந்தன. எண்ணியதால் என்ன பயன்? எங்கள் ஊரில் ஒரு குளத்தைப் பல வருடம் எண்ணினோம். எண்ணிக்கைத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். குளத்துக்குள் சாலை போட்டார்கள். இதைச் சொல்லாமல் இந்த இழையில் வெறும் பாராட்டு மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

---

செம்போத்து
ஜூலை 19, இரவு 7:40

சார், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தக் குளத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் வருகைப் பதிவேடு எடுக்கிறோம். எடுப்பதால் மட்டும் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடாது. ஆனால் மூன்று நாளாக வரவில்லை என்று தெரிந்தால்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியும்.

---

தூக்கணாங்குருவி
ஜூலை 19, இரவு 9:15

ஆள்காட்டி, உங்கள் கேள்விக்கு ராபின்ஸ் வாழ்க்கையிலேயே ஓரளவு பதில் இருக்கிறது. எண்ணியதோடு அவர் நிற்கவில்லை.

1989-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்தக் கணக்கெடுப்பை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட அமெரிக்காவில் கூடு கட்டி, குளிருக்குத் தெற்கே போகும் காட்டுப்பறவைகள் 1970-களின் கடைசியிலிருந்து சரியத் தொடங்கின என்று காட்டியது அது. அதே ஆண்டில் இன்னொரு பெரிய ஆய்வு. மேரிலாந்து வட்டாரத்தில் துண்டு துண்டாகிப்போன காடுகளில், எந்தப் பறவைக்கு எவ்வளவு பெரிய காடு வேண்டும் என்று நூற்றுக்கணக்கான இடங்களில் எண்ணிச் சொன்னார்கள். சில பறவைகள் சின்னத் துண்டில் தங்கவே தங்காது. காட்டை வெட்டும்போது மொத்தப் பரப்பை மட்டும் பார்க்காதே, அது எத்தனை துண்டாகிறது என்று பார் என்று திட்டமிடுபவர்களிடம் சொல்ல அது உதவியது. வயதான காலத்திலும் நடு அமெரிக்க நாடுகளுக்குப் போய், அந்தப் பறவைகள் குளிர்காலத்தில் எங்கே எப்படி வாழ்கின்றன என்று பார்த்தார்.

அந்த 2019 ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாத்து இனங்கள் கூடியிருக்கின்றன. வல்லூறு, கழுகு வகைகளும் கூடியிருக்கின்றன. டிடிடியை 1972-ல் அமெரிக்கா தடை செய்தது. ஈரநிலங்களைக் காக்கப் பணம் ஒதுக்கினார்கள். எதைக் காக்க முனைந்தார்களோ அது மீண்டது. புல்வெளியை யாரும் காக்கவில்லை. எண்ணிக்கை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

நம் நாட்டிலும் பாருங்கள். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்ட பறவையாளர்கள் தந்த 3 கோடிப் பதிவுகள் ஆதாரம். 942 இனங்களை ஆராய்ந்து 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றார்கள். குயிலும் மயிலும் கூடிக்கொண்டு வருகின்றன. பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது. அழியும் ஆபத்தை அளவிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலையை மறுபரிசீலனை செய்யச் சொன்ன 14 இனங்களில் அதுவும் ஒன்று. கம்பியில் உட்கார்ந்திருக்கும், பேருந்து ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நாம் நினைக்கிற பறவை.

---

பனங்காடை
ஜூலை 19, இரவு 9:50

அந்த அறிக்கையைப் பார்த்த பிறகுதான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை தண்டவாளத்தை ஒட்டிய தந்திக் கம்பிகளில் முன்பு பார்த்த அளவுக்கு இப்போது இல்லை. முன்பு எத்தனை என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. அப்போது யாராவது எண்ணச் சொல்லியிருந்தால் எண்ணியிருப்பேன்.

---

ஆள்காட்டி
ஜூலை 19, இரவு 10:30

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

நம்மூரில் இப்போது நாம் பதிவேற்றும் பட்டியல்களில் பெரும்பாலானவை, பறவை அதிகம் இருக்கும் என்று நாம் தேர்ந்தெடுத்துப் போகும் இடங்களிலிருந்து வருகின்றன. வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் ஆள் போகிறார்கள். சாதாரண வயல்காட்டுக்கு யார் போகிறார்கள்? கேரளத்துக்காரர்கள் 2015 முதல் 2020 வரை பறவை வரைபடத் தொகுப்பு செய்தார்கள். கட்டம் போட்டு, குலுக்கலில் விழுந்த இடத்துக்கு 1,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் போனார்கள். 25,000 பட்டியல்கள். ராபின்ஸ் சொன்ன கட்டுப்பாடு அதில் இருக்கிறது. நம் மாவட்டங்களில் நிலையான வழித்தடம் ஒன்றாவது வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. 40 கிலோமீட்டர் வேண்டாம், நம்மிடம் கார் இல்லாதவர்கள்தான் அதிகம்.

---

செம்போத்து
ஜூலை 20, காலை 5:50

சார், எங்கள் பள்ளியிலிருந்து அடுத்த ஊர்க் கண்மாய் வரை சாலை 5 கிலோமீட்டர். புளியமரம், சோளக்காடு, கல்குவாரி, ஒரு நூற்பாலை, பிறகு கண்மாய். 500 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 11 நிறுத்தம் வரும். பெரிய பிள்ளைகளோடு சைக்கிளில் போகலாம். ஒருவர் எண்ணுவது, ஒருவர் எழுதுவது, ஒருவர் கடிகாரம் பார்ப்பது. எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம்? ஜூனில் இங்கே காற்று ஆளைத் தள்ளும், ஒன்றும் காதில் விழாது.

---

வால்காக்கை
ஜூலை 20, காலை 7:20

ஜூன் அமெரிக்காவுக்கு உரியது டீச்சர், அதை அப்படியே எடுக்க வேண்டாம். குயிலும் குக்குறுவானும் நன்றாகக் கத்தும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் பொருத்தம். தேர்வு நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். வலசை வந்தவையும் வேண்டும் என்றால் ஜனவரியில் பொங்கலை ஒட்டி இன்னொரு முறை. இரண்டையும் தனித்தனிக் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தங்களை இப்போதே குறித்துவிடுங்கள். மின்கம்பத்து எண், மைல்கல், கூடவே அலைபேசியில் இடக்குறி, மூன்றையும் எழுதுங்கள். மரத்தை மட்டும் அடையாளம் வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். நூற்பாலை வாசலில் பறவையே இல்லை என்று அந்த நிறுத்தத்தை நகர்த்தாதீர்கள். ஒன்றும் இல்லை என்றால் சுழியம் என்று எழுதுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணச் சொல்லுங்கள். நிறுத்தம் வாரியாகத் தனித்தனிப் பட்டியல். எண்ணியவர் பெயர் கட்டாயம்.

---

தூக்கணாங்குருவி
ஜூலை 20, காலை 9:00

படிவம் நான் தயாரித்துத் தருகிறேன். தமிழ்ப் பெயர்களோடு, ஒரே பக்கத்தில். இரைச்சல், காற்று, போன வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் கட்டம் வைக்கிறேன். ஆள்காட்டி கேட்ட லாரி விஷயத்துக்குப் பின்னால் அது உதவும். எண்ணுகிற பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் ஆண்டில் அடுத்தவர் கூடவே போய்ப் பழகட்டும்.

---

ஆள்காட்டி
ஜூலை 20, காலை 9:25

முதல் தடவை நானும் வருகிறேன் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலை 5:45-க்கு முதல் நிறுத்தத்தில் நிற்க வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவே திண்டுக்கல் வந்துவிட வேண்டும். எனக்கும் ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்ய முடியுமா?

---

செம்போத்து
ஜூலை 20, மாலை 4:40

சைக்கிள் இருக்கிறது சார். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். பனங்காடை ஐயாவும் பேத்தியும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஐயாவுக்கு என் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் இடம் போட்டுவிடலாம்.